ஊரடங்குப் படத்துக்கு முதல் விமர்சனம் எழுதப் போகிறவர்களுக்கு

போர்ப் படம் பார்க்க உட்காருகிறவர்களில் போர்க்களத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். ஊரடங்கைப் பற்றிய படம் அப்படியில்லை. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசியபோது எங்கே இருந்தோம், பக்கத்தில் யார் இருந்தார்கள், உடனே எந்தக் கடைக்கு ஓடினோம் என்பதெல்லாம் நம்மில் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்த வகைப் படத்துக்கு முன்னால் உட்காருகிற எல்லாருமே சாட்சிகள். "இப்படியா இருந்தது?" என்று படத்தோடு சண்டை போட்டுக்கொண்டேதான் பார்ப்போம். அந்தச் சண்டையை அப்படியே எழுதி வைத்தால் அது நம் நாட்குறிப்பு. அதை முழுசாக ஒதுக்கிவிட்டு எழுதினால் உயிரில்லாத கதைச் சுருக்கம். இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதுதான் வேலை.

2020 அக்டோபர் 16 அன்று அமேசான் பிரைமில் 'புத்தம் புதுக் காலை' வந்தது. ஐந்து இயக்குநர்கள், ஐந்து குறும்படங்கள், எல்லாமே ஊரடங்குக் காலத்துக் கதைகள். அன்று ராத்திரியே பார்த்து, அன்று ராத்திரியே எழுதினேன். அப்போது சென்னையில் ஒற்றை அறைப் போர்ஷனில் இருந்தேன். எங்கள் தெருவில் தொற்று வந்த வீட்டுக்குத் தகரம் அடித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எழுதியது முழுக்கக் கோபம். இரண்டு வருஷம் கழித்து அதை எடுத்துப் படித்தபோது, யார் நன்றாக நடித்தார்கள், கேமரா எங்கே நின்றது, எந்தக் காட்சி ஏன் தோற்றது என்று ஒரு வரியும் அதில் இல்லை. கோபம் நியாயமானதுதான், ஆனால் படிப்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இந்த வழிகாட்டியில் உள்ள முறைகளை அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டேன்.

படம் பார்க்கும் முன்: ஒரு பக்கம் உங்களுக்காக

ஒரு தாளை எடுத்து உங்கள் ஊரடங்கை எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். "கஷ்டமாக இருந்தது" என்று எழுத வேண்டாம். வாடகை கட்டினீர்களா, இ-பாஸ் கேட்டு எத்தனை தடவை மறுத்தார்கள், வீட்டில் யார் சமைத்தார்கள், எந்த சாவுக்குப் போக முடியாமல் போனது, கபசுரக் குடிநீரை யார் காய்ச்சிக் கொடுத்தார்கள் என்று பொருளும் ஆளுமாக எழுதுங்கள். எழுதி மடித்து வைத்துவிடுங்கள். விமர்சனத்தில் இதிலிருந்து இரண்டு மூன்று வரிக்கு மேல் வரப்போவதில்லை.

பிறகு எதற்கு எழுதுவது? படம் முடிந்ததும் அந்தத் தாளைப் பிரித்துப் பாருங்கள். எங்கெல்லாம் படத்தோடு முரண்பட்டீர்களோ அங்கே பாதிக்குக் காரணம் படமாக இருக்கும், மீதிக்குக் காரணம் அந்தத் தாளில் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்காமல் எழுதினால், "எனக்கு நடக்காததெல்லாம் பொய்" என்ற இடத்துக்கு நம்மை அறியாமலே போய்விடுவோம்.

இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

எப்போது எடுத்தார்கள், எப்போது வெளியிட்டார்கள். இந்த வகைப் படத்துக்கு இது ரொம்ப முக்கியம். 'புத்தம் புதுக் காலை' வந்தபோது தமிழ்நாட்டில் திரையரங்குகளே திறக்கவில்லை. நவம்பர் 10 அன்றுதான் திறந்தன. படம் எடுத்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் இரண்டாம் அலை என்று ஒன்று வரப்போவது தெரியாது. அந்தப் படங்களில் ஒரு நம்பிக்கை தொனி இருக்கிறது. தலைப்பிலேயே இருக்கிறது. 2021 மே மாதத்தைப் பார்த்தபின் அது சிலருக்கு உறுத்தும். ஆனால் 2020-இல் எடுத்தவரிடம் 2021-இன் துயரத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்க முடியாது. அதே வரிசையில் அடுத்த தொகுப்பு 2022 ஜனவரி 14 அன்று 'புத்தம் புதுக் காலை விடியாதா' என்று வந்தது. 'விடியாதா' என்ற ஒரு சொல் சேர்ந்தவுடன் தலைப்பின் குரலே மாறிவிட்டதைப் பாருங்கள். இதைச் சொல்வதும் விமர்சனத்தின் பகுதிதான்.

அனுபவ் சின்ஹா இயக்கிய இந்திப் படம் 'பீட்' 2023 மார்ச் 24 அன்று வந்தது. ஊரடங்கு அறிவிப்பு வந்து சரியாக மூன்று வருஷம். 'பீட்' என்றால் கூட்டம். யோசிக்கவும் தகவல் திரட்டவும் இந்தப் படத்துக்கு நேரம் இருந்தது, அதனால் இதனிடம் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம்.

இங்கேயே இன்னொரு பிரிவையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் எடுத்த படம் வேறு, ஊரடங்கைப் பற்றிய படம் வேறு. மலையாளத்தில் 2020 செப்டம்பர் 1 அன்று வந்த 'சீ யூ சூன்' முதல் வகை. ஆட்கள் கூட முடியாத நிலையில், கணினித் திரையிலும் கைபேசித் திரையிலுமே கதை நடப்பதாக எடுத்தார்கள். ஆனால் கதை ஊரடங்கைப் பற்றியது அல்ல. 'பீட்' இரண்டாவது வகை. 'புத்தம் புதுக் காலை' இரண்டும் சேர்ந்தது, அதனால்தான் அதை எடைபோடுவது கடினம். எந்த வகை என்று உங்கள் விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

பார்க்கும்போது எதைக் குறிப்பது

முடிந்தால் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். இரண்டாம் தடவையில் கதையை விட்டுவிட்டு வீட்டைக் கவனியுங்கள். ஊரடங்குப் படத்தில் வீடும் ஒரு பாத்திரம். எத்தனை அறைகள், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது, பால்கனி இருக்கிறதா, வாசல் கதவு படத்தில் எத்தனை முறை திறக்கிறது, யார் உள்ளே வருகிறார்கள்? பாத்திரம் யார் கழுவுகிறார்கள்? வழக்கமாக வீட்டு வேலைக்கு வருகிற அம்மா வரவில்லை என்றால், படம் அவரை ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறதா?

சத்தத்தையும் கேளுங்கள். ஏப்ரல் 2020-இல் நகரத்தில் வண்டிச் சத்தம் நின்றுபோய்க் குயில் கூவுவது கேட்டது. அந்த அமைதியைப் படம் பயன்படுத்துகிறதா, பின்னணி இசையால் மூடிவிடுகிறதா? அப்புறம் நாள் கழிவது. எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்த காலத்தைக் காட்டுவது திரைக்கதைக்குச் சவால். சிலர் காலண்டர் தாளைக் கிழிப்பார்கள், சிலர் தாடியை வளர்ப்பார்கள், நல்ல இயக்குநர் வேறு ஏதாவது கண்டுபிடிப்பார்.

சுதா கொங்கரா இயக்கிய 'இளமை இதோ இதோ' ஒரு நல்ல பாடம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் சந்திக்கும் வயதான காதலர்கள் ஒரே வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெயராமும் ஊர்வசியும் அவர்கள். காதல் பொங்கும்போது அதே இருவராக காளிதாஸும் கல்யாணி பிரியதர்ஷனும் வந்துவிடுகிறார்கள். ஊரடங்கு இங்கே வெறும் பின்னணி அல்ல. ஊரடங்கு இல்லையென்றால் அவள் இரண்டு நாளில் கிளம்பியிருப்பாள், கதையே இல்லை. இதையே ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்: ஊரடங்கை எடுத்துவிட்டால் இந்தக் கதை நிற்குமா? நின்றால், முகக்கவசம் வெறும் உடையலங்காரம்தான்.

யாருடைய ஊரடங்கு

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஊரடங்குப் படங்களைப் பற்றி எழுந்த பெரிய வாதமே இதுதான்.

'புத்தம் புதுக் காலை' வந்தபோது பலர் சொன்ன குறை: எல்லாம் வசதியான வீடுகள், வேலை போன கவலை இல்லை, அரிசி தீர்ந்த கவலை இல்லை, தெருவில் நடந்தவர்கள் யாரும் இல்லை. நானும் அன்று இதைத்தான் எழுதினேன். இன்றும் அந்தக் குறை சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதை வைக்க வேண்டிய இடம் வேறு. தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் படத்தையும் அப்படிக் குற்றம் சொல்ல முடியாது. கௌதம் வாசுதேவ் மேனனின் படத்தில் விலகியிருந்த தாத்தா வீட்டுக்குப் பேத்தி வந்து தங்குகிறாள், எம்.எஸ்.பாஸ்கர் அந்தத் தாத்தா. அவர் வசதியானவராக இருப்பது கதையின் குற்றமில்லை. சுஹாசினியின் படத்தில் நோயில் கிடக்கும் அம்மாவைப் பார்க்க மகள்கள் வருகிறார்கள். அதற்கும் ஒரு நல்ல வீடு இருக்கலாம். ஆனால் ஐந்து இயக்குநர்களிடம் ஊரடங்கைச் சொல்லச் சொன்னபோது பெரும்பாலும் ஒரே மாதிரி வீடுகளே வந்தன என்றால், அங்கே குறை தொகுப்பின் மேல். தொகுப்புப் படத்துக்கு எழுதும்போது எந்தக் குறை ஒரு குறும்படத்துக்கு, எது மொத்தத்துக்கு என்று பிரித்து எழுதுங்கள்.

"அப்போதிருந்த கட்டுப்பாட்டில் வீட்டுக்குள்தானே எடுக்க முடியும், ஆட்களும் குறைவு" என்று ஒரு பதில் வரும். அது உண்மை, சொல்லவும் வேண்டும். ஆனால் கட்டுப்பாடு வீட்டுக்குள் எடுக்கச் சொன்னது; எந்த வீடு என்று சொல்லவில்லை. ஒற்றை அறையில் ஐந்து பேர் இருப்பதும் வீட்டுக்குள் நடக்கும் கதைதான். அந்தத் தொகுப்பிலேயே கார்த்திக் சுப்பராஜ் எடுத்த 'மிராக்கிள்' பசியில் இருக்கும் இரண்டு திருடர்களைப் பற்றியது. பாபி சிம்ஹா நடித்தது. மற்ற நான்கிலிருந்து அது தனியாகத் தெரிந்ததற்குக் காரணம் அந்தப் பசி.

இன்னொரு கவனம். வர்க்கக் கேள்வியைக் கோஷமாக எழுதிவிடாதீர்கள். "புலம்பெயர் தொழிலாளர்களைக் காட்டவில்லை" என்று எழுதுவது எளிது. காட்டிய படங்களை எப்படி எடைபோடுவது என்பதுதான் கஷ்டம். வினோத் காப்ரியின் ஆவணப்படம் '1232 கிலோமீட்டர்' இருக்கிறது: காசியாபாத்திலிருந்து பீகாரின் சஹர்சாவுக்கு ஏழு தொழிலாளர்கள் சைக்கிளில் போன பயணம். அங்கே கேமரா அவர்கள் கூடவே போகிறது. 'பீட்' எதிர்த் திசையில் யோசிக்கிறது: நடக்கிறவர்களை நிறுத்துகிற சோதனைச் சாவடியில் கதையை வைக்கிறது. ராஜ்குமார் ராவ் அங்கே காவல் அதிகாரி. தன் சாதியை வெளியில் சொல்லத் தயங்குகிறவர். பங்கஜ் கபூரின் பாத்திரம் ஒரு காவலாளி, பிராமணர். பேருந்தில் எல்லாரும் பசியோடு இருக்கும்போது முஸ்லிம்கள் கொடுக்கும் உணவை வாங்கக் கூடாது என்கிறார். ஏழை என்றால் நல்லவர் என்ற சுலபமான கணக்குக்குப் படம் போகவில்லை. எனக்கு அந்தப் படத்தில் பிடித்த விஷயம் அதுதான்.

சோதனைச் சாவடி என்றதும் இன்னொரு ஒப்பீடும் வருகிறது. 'புத்தம் புதுக் காலை விடியாதா'வில் பாலாஜி மோகனின் 'முகக்கவச முத்தம்' சாவடியில் வேலை பார்க்கும் இரண்டு காவலர்களுக்கு நடுவே முளைக்கும் காதல். இனிமையான படம். ஆனால் தமிழ்ப் பார்வையாளர் மனசில் 2020 ஜூன் சாத்தான்குளம் இருக்கிறது. கடையை நேரம் கடந்து திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துப் போன தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். எல்லாக் காவலர் கதையும் சாத்தான்குளத்தைப் பேசியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்கிறவர் எதைச் சுமந்துகொண்டு பார்க்கிறார் என்பதை விமர்சகர் எழுதலாம், எழுத வேண்டும்.

காலக்கணக்கைச் சரிபாருங்கள்

"இப்படியெல்லாம் நடந்திருக்காது, மிகை" என்று எழுதும் முன் தேதிகளைப் பாருங்கள். நம் ஞாபகம் இரண்டு அலைகளையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. சில தேதிகளை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே நான்கு மணி நேரம்தான். முதல் கட்டம் 21 நாள், 2020 ஏப்ரல் 14 வரை. பிறகு மே 3, மே 17, மே 31 என்று நீண்டது. புலம்பெயர் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் தொடங்கின, அதாவது ஐந்து வாரத்துக்கும் மேல் கழித்து. மே 8 அன்று மகாராஷ்டிராவின் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் தூங்கியவர்கள் மேல் சரக்கு ரயில் ஏறி 16 பேர் இறந்தார்கள். சென்னையில் கோயம்பேடு சந்தை மே 5 அன்று மூடப்பட்டது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றுப்பகுதிகளிலும் மறுபடி இறுக்கமான ஊரடங்கு. தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. ஆக்சிஜனுக்காக ஊரே அலைந்தது 2021 ஏப்ரல், மே மாதங்களில். தமிழ்நாட்டில் தெருத்தெருவாகக் காய்கறி வண்டி வந்தது 2021 மே கடைசியில்.

ஆக, 2020 மார்ச்சில் நடக்கும் கதையில் ஆக்சிஜன் சிலிண்டர் தேடி அலைந்தால் அது படத்தின் பிழை. ஆனால் இறந்தவரை அடக்கம் செய்யவிடாமல் ஊர் கூடிக் கல்லெறிகிற காட்சி வந்தால் மிகை என்று சொல்லிவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலுக்கே அது நடந்தது.

மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது

உங்கள் முதல் வரைவை முடித்த பிறகுதான் படிக்க வேண்டும். முன்னாடியே படித்தால் அவர்கள் சொற்கள் நம் கைக்கு வந்துவிடும்.

படிக்கும்போது ஒவ்வொரு கருத்தும் படத்தின் மேல் வைத்ததா, பொருளின் மேல் வைத்ததா என்று பாருங்கள். 'பீட்' படத்துக்கு இதைச் செய்தால் நன்றாகப் பிடிபடும். அதன் முன்னோட்டம் 2020-இன் நெடுநடையை 1947 பிரிவினையோடு ஒப்பிட்டது. படம் வரும் முன்பே சமூக ஊடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. முன்னோட்டம் யூடியூபிலிருந்து நீங்கி, மாற்றங்களோடு திரும்ப வந்தது. படம் பார்க்காமலே எழுதிய கருத்துகள் நிறைய, ஆதரவாகவும் எதிராகவும். அவற்றை ஒதுக்குங்கள். படம் பார்த்து எழுதியவர்களிடம் இரண்டு வாதங்கள் உண்மையிலேயே யோசிக்க வைப்பவை. ஒன்று, படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. பிரிவினைக் காலப் புகைப்படங்களை நினைவூட்டி அது படத்துக்குக் கனம் கொடுக்கிறது என்றார்கள் சிலர். நேற்று நடந்ததைப் பழைய காலத்துக்குத் தள்ளிவிடுகிறது என்றும் வாதிடலாம். நான் முதல் பக்கம்தான். இரண்டு, சாதி, மதம், வர்க்கம், ஊடகம் எல்லாவற்றையும் இயக்குநர் ஒரே சாவடியில் அடைத்துவிட்டார் என்ற குறை. இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். சில இடங்களில் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் நம்மிடம் பேசுகிறார்கள்.

உங்கள் பக்கம் எது என்று காட்சியோடு சொல்லுங்கள். "கலவையான விமர்சனங்களைப் பெற்றது" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். அதில் உங்கள் கருத்து எதுவும் இல்லை.

எழுதுவது

800 முதல் 1000 சொல் போதும். கதைச் சுருக்கம் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். தொகுப்புப் படமென்றால் ஐந்துக்கும் சமமாக இடம் ஒதுக்காதீர்கள். சொல்ல இருப்பதற்குத் தக்கபடி ஒன்றுக்கு மூன்று பத்தி, இன்னொன்றுக்கு ஒரு வரி. வரிசைப்படுத்தி மதிப்பெண் போடுவதை எனக்குப் பிடிக்காது, அது வாதத்தைச் சாப்பிட்டுவிடும்.

"ஊரடங்கின் வலியை அருமையாகப் பதிவு செய்திருக்கிறது" என்ற வரி எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனால் எந்தப் படத்தையும் சொல்லாது. அதற்குப் பதில், "பசித்த பேருந்தில் உணவை மறுக்கும் அந்த மனிதர் மேல் கோபம் வருகிறது, அடுத்த காட்சியில் அவர் சோர்வைப் பார்த்ததும் கோபம் எங்கே போவதென்று தெரியவில்லை" என்று எழுதினால் படம் தெரியும், நீங்களும் தெரிவீர்கள். மடித்து வைத்த தாளிலிருந்து இரண்டு வரி எடுப்பதென்றால் அதை இங்கே எடுங்கள், ஒரு காட்சியை விளக்க அது உதவுமானால் மட்டும்.

படிக்கிறவர்களில் யாரோ ஒருவர் இரண்டாம் அலையில் அம்மாவையோ கணவரையோ இழந்தவர். படத்தில் மருத்துவமனைக் காட்சியோ முகம் பார்க்க முடியாத சாவோ இருந்தால் தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள். மரணக் காட்சி சரியாக எடுக்கப்படவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் கிண்டல் செய்யும் சொற்களை அங்கே பயன்படுத்தாதீர்கள்.

ஒரு ராத்திரி ஆறப்போட்டு, காலையில் இயக்குநர், நடிகர் பெயர்களையும் வெளியான தேதியையும் ஒருமுறை சரிபார்த்து வெளியிடுங்கள். வெளியிட்டதும் யாராவது "எங்கள் வீட்டில் இப்படி இல்லையே" என்று எழுதுவார்கள். கட்டாயம் வரும். அவர்களோடு வாதாடாமல், எந்த ஊர், எந்த மாதம், வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும் உங்கள் தாளோடு சேர்த்து வையுங்கள். அடுத்த படம் பார்க்க உட்காரும்போது இரண்டையும் படித்துவிட்டு உட்காருங்கள்.